கார் டிவி பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி கீழ ஒட்டியிருக்க ஸ்டிக்கர பாருங்க

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்ருந்தாரு, கேள்விய சுருக்கமா சொல்லிடுறேன். அவர்கிட்ட ஒரு டிராவலர் வண்டி இருக்கு, வாரநாள்ல ஸ்கூல் ட்ரிப், செவ்வாக்கெழமைன்னா சிறுவாபுரி, ஆடி மாசம் பெரியபாளையம், அமாவாசைக்கு மேல்மலையனூர். வண்டில வர்றவங்க மேட்ச் போடுங்க சீரியல் போடுங்கன்னு கேட்டுட்டே இருக்காங்கன்னு ஆன்லைன்ல 'கார் டிஜிட்டல் டிவி ரிசீவர்'னு ஒரு பொட்டி, 4 ஆன்டெனாவோட வாங்கிட்டாரு. மாட்டிட்டு ஸ்கேன் போட்டா கடைசி வரைக்கும் ஓடுது, 'நோ சிக்னல்'னு நிக்குது, ஒரு சேனல் கூட வரல. பொட்டி டூப்ளிகேட்டா, ஆன்டெனா சரியில்லையா, இல்ல நம்ம ஊர்ல இது வேலையே செய்யாதா, கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்கணான்னு கேட்டாரு.

நான் ராயபுரத்துல 22 வருஷமா வண்டி எலக்ட்ரிக்கல் வேலையும் செட் மாட்டுற வேலையும் பாக்குறேன். இந்த மாதிரி பொட்டி என் கைக்கு எவ்ளோ வந்திருக்குன்னு கணக்கே இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், டீ குடிச்சிட்டே படிங்க.

தம்பி, மொதல்ல பொட்டிய கழட்டி திருப்பி கீழ இருக்க ஸ்டிக்கர பாருங்கன்னு சொன்னேன், போட்டோ எடுத்து அனுப்புனாரு. அதுல 'ஐஎஸ்டிபி-டி'ன்னு போட்ருக்கு. அவ்ளோதான், அங்கயே கதை முடிஞ்சது. பொட்டி டூப்ளிகேட் இல்ல, ரிப்பேரும் இல்ல, அது நல்ல பொட்டிதான், ஆனா அது பேசுற பாஷை வேற. டிஜிட்டல் டிவின்னா உலகம் பூரா ஒரே டிஜிட்டல்னு நம்ம நெனச்சிக்கிறோம், அப்படி கெடையாது. ஜப்பான்காரன் பண்ணது ஐஎஸ்டிபி-டி, அது அப்பறம் பிரேசில், பிலிப்பைன்ஸ்னு போச்சு. அமெரிக்கால ஏடிஎஸ்சி. சீனால டிடிஎம்பி. ஐரோப்பால ஆரம்பிச்சது டிவிபி-டி, அதோட அடுத்த தலைமுறை டிவிபி-டி2, நம்ம தூர்தர்ஷன் எடுத்துக்கிட்டது இந்த டி2 தான். ஒன்னோட பொட்டில இன்னொன்னு வரவே வராது, செட்டிங்க மாத்துனாலும் வராது, ஏன்னா உள்ள இருக்க சிப்பே வேற. டி2 பொட்டில பழைய டிவிபி-டியும் வரும், ஆனா வெறும் டிவிபி-டின்னு போட்ட பொட்டில டி2 வராது, இத நல்லா ஞாபகம் வெச்சிக்கங்க, கடைக்காரர் 'ரெண்டும் ஒன்னுதான் சார்'னு சொல்லுவாரு, ஒன்னு இல்ல.

சிங்கப்பூர், மலேசியால சொந்தக்காரங்க இருக்கவங்களுக்கு ஒரு விஷயம், அங்க ரெண்டு நாட்டுலயும் இதே டி2 தான், சிங்கப்பூர்ல வசந்தம் சேனல் ஆன்டெனாலயே வருதுன்னா அது இந்த முறைலதான். அதனால அங்க இருந்து மச்சானோ மாமாவோ கொண்டு வந்த கார் பொட்டி இங்கயும் எடுக்கும். ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் செட்ட பாத்துட்டு 'உள்ளயே டிவி இருக்குணா'ன்னு சந்தோஷமா எடுத்துட்டு வருவாங்க பாருங்க, அது இங்க எடுக்காது. அந்த செட்ட பாட்டு கேக்க வெச்சிக்கலாம், டிவிக்கு ஆசப்பட வேணாம்.

சரி, டி2 பொட்டியே வாங்கிட்டோம்னு வெச்சிக்குவோம், என்ன வரும்? பல பேரு ஏமாந்து போறது இங்கதான். விக்கிறவன் போடுற படத்துல ஸ்கிரீன் பூரா கலர் கலரா சேனல் தெரியும். நம்ம ஊர்ல காத்துல ஆன்டெனாக்கு வர்றது தூர்தர்ஷன் மட்டும்தான், தனியார் சேனல் எதுக்குமே தரைவழி ஒளிபரப்பு கெடையாது, சன் டிவி விஜய் டிவியெல்லாம் கேபிள்ல டிஷ்ல நெட்லதான், எவ்ளோ காசு குடுத்து எந்த கார் பொட்டி வாங்குனாலும் அது வராது. 2016 பிப்ரவரி கடைசில 16 ஊர்ல இந்த டி2 ஒளிபரப்ப ஆரம்பிச்சாங்க, நம்ம சென்னையும் அதுல ஒன்னு. அப்ப குடுத்தது 5 சேனல், டிடி நேஷனல், நியூஸ், பாரதி, ஸ்போர்ட்ஸ், அப்பறம் மாநில சேனல். நம்ம பொதிகை, 2024 ஜனவரில இருந்து டிடி தமிழ்னு பேரு மாறிடுச்சே, அதுதான்.

வெறும் தூர்தர்ஷன் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரே ஒரு காரணம் சொல்றேன், கிரிக்கெட். 2007ல ஒரு சட்டம் வந்துச்சு, தேசிய முக்கியத்துவம் இருக்க மேட்ச்ச எந்த தனியார் சேனல் உரிமை வாங்கி வெச்சிருந்தாலும் தூர்தர்ஷனுக்கும் அந்த சிக்னல குடுத்தே ஆகணும்னு. 2017ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிடுச்சுன்னா, அப்படி வாங்குன சிக்னல தூர்தர்ஷன் தன்னோட தரைவழி ஒளிபரப்புலயும் தன்னோட இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்லயும்தான் போடலாம், தனியார் கேபிள்லயும் தனியார் டிடிஎச்லயும் போகக்கூடாதுன்னு. அதனாலதான் வீட்டுல கேபிள்ல டிடி ஸ்போர்ட்ஸ் வெச்சா அந்த நேரத்துல வேற எதையாவது ஓட்டிட்டு இருப்பான், ஆனா ஆன்டெனால எடுத்தா மேட்ச் வரும். இந்தியா ஆடுற ஒருநாள் மேட்ச், டி20, உலகக்கோப்பை ஃபைனல் இதெல்லாம் அந்த லிஸ்ட்ல வரும், ஐபிஎல் வராது. ஐபிஎல்லுக்காக பொட்டி வாங்குறீங்கன்னா இப்பவே விட்ருங்க.

வண்டில டிவி பாக்குறது எனக்கு வெறும் பொழப்பு மட்டும் இல்ல. 2011 ஏப்ரல் 2, உலகக்கோப்பை ஃபைனல், காசிமேட்டுல ஐஸ் வண்டி ஓட்டுற ஒரு அண்ணனோட ஆம்னில 7 இன்ச் ஸ்கிரீன் மாட்டி குடுத்தேன், அப்ப பழைய அனலாக் ஒளிபரப்பு, இழுத்து நீட்டுற ஆன்டெனா. இன்ஜின் ஓடுனா ஸ்பார்க் பிளக் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஸ்கிரீன்ல வெள்ளை வெள்ளையா புள்ளி ஓடும், அதனால இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பேட்டரிலயே ஓட்டுனோம். பின்கதவ தொறந்து வெச்சி ஐஸ் பொட்டிக்கு நடுவுல அந்த ஸ்கிரீன நிக்க வெச்சா ஒரு முப்பது நாப்பது பேரு, வலை பின்னிட்டு இருந்த பெரியவங்க கூட எழுந்து வந்துட்டாங்க, பின்னாடி நிக்கிறவனுக்கு ஸ்கோரே தெரியாது, முன்னாடி நிக்கிறவன் கத்தி சொல்லுவான். கடைசி சிக்ஸர் போனப்ப யாரோ ஆன்டெனால கை இடிச்சி படம் போயிடுச்சு, ஆனா யாருக்கும் அப்ப படம் தேவப்படல. அந்த மாதிரி அனலாக் பொட்டிங்க இப்ப எதுக்கும் ஆகாது, 2022 மார்ச்சோட நாடு பூரா அனலாக் டிரான்ஸ்மிட்டர்ங்கள கிட்டத்தட்ட எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, எல்லை பக்கம் மாதிரி சில எடத்துல மட்டும் விட்டு வெச்சாங்க. வீட்டு பரண்ல அந்த காலத்து 7 இன்ச் டிவி கெடந்தா அத ஸ்கிரீனா மட்டும் பயன்படுத்தலாம், பின்னாடி ஏவி ஓட்டை இருக்கும்.

அனலாக்ல சிக்னல் கொறஞ்சா படம் புள்ளி புள்ளியா ஆகும், ஆனா ஸ்கோர் தெரியும், கமென்ட்ரி கேக்கும். டிஜிட்டல்ல அப்படி இல்ல, சிக்னல் ஒரு அளவுக்கு மேல இருந்தா கண்ணாடி மாதிரி படம், அந்த அளவுக்கு ஒரு நூல் கொறஞ்சாலும் படம் கட்டம் கட்டமா ஒடஞ்சி உறைஞ்சி போயிடும், சத்தமும் கட். நடுவுல எதுவும் கெடையாது. அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, பொட்டிக்கு போடுற யோசனைல ரெண்டு மடங்கு ஆன்டெனாக்கு போடுங்க.

நம்ம ஏரியா கணக்கு பாருங்க. தூர்தர்ஷன் டவர் சேப்பாக்கம் பக்கம் சுவாமி சிவானந்தா சாலைல, கூவம் ஓரமா நிக்குது, 1975 ஆகஸ்ட் 15ல நம்ம ஊர்ல டிவி ஆரம்பிச்ச நிலையம்தான். அங்க இருந்து நேர் கோட்டுல ராயபுரம் ஒரு 5 கிலோமீட்டர், தண்டையார்பேட்டை 7, திருவொற்றியூர் 10 சொச்சம், எண்ணூர் 17 வரும். இதெல்லாம் ஒரு தூரமே இல்ல, வீட்டு மாடில நல்ல ஆன்டெனா வெச்சா அலட்டிக்காம வரும். ஆனா வண்டி ஆன்டெனா தரைல இருந்து ஒரு ஆள் ஒசரம், சுத்தி பில்டிங்கு, பாலம், நமக்கு எக்ஸ்ட்ராவா ரோடு ஓரம் பூரா கன்டெய்னர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்கு போற டிரெய்லர் வரிசை நிக்குதுல்ல, அந்த இரும்பு சொவத்துக்கு பக்கத்துல உங்க வண்டி ஊர்ந்து போச்சுன்னா சிக்னல் நேராவும் வரும், பொட்டில பட்டு திரும்பியும் வரும், ரெண்டும் சேர்ற எடத்துல சில சமயம் ஒன்ன ஒன்னு அழிச்சிக்கும். 550 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அலைவரிசைல ஒரு அலையோட நீளம் 55 செ.மீ, இந்த மாதிரி நெறய எதிரொலி இருக்க எடத்துல சுமாரா பாதி அலைக்கு ஒரு தடவ, அதாவது 27 செ.மீக்கு ஒரு தடவ சிக்னல் ஒரு பள்ளத்துல விழும். 40 ஸ்பீடுல போனா ஒரு செகண்டுக்கு 40 பள்ளம். ரோட்டு பள்ளம் கண்ணுக்கு தெரியுது, இது தெரியல, அவ்ளோதான் வித்தியாசம்.

இதுக்குத்தான் 2 ஆன்டெனா, 4 ஆன்டெனான்னு குடுக்குறாங்க, அது சும்மா அழகுக்கு இல்ல. ஒரு ஆன்டெனா பள்ளத்துல இருக்கும்போது இன்னொன்னு மேட்டுல இருக்கும், பொட்டி ரெண்டையும் சேத்து எடுத்துக்கும். ஆனா இது வேலை செய்யணும்னா நாலும் தள்ளி தள்ளி இருக்கணும். நான் பாத்த வண்டிங்கள்ல முக்காவாசி நாலு ஃபிலிம் ஆன்டெனாவையும் முன் கண்ணாடில மேல ஒரே வரிசைல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி ஒட்டி வெச்சிருப்பாங்க, நாலும் ஒரே பள்ளத்துல ஒன்னா விழும், நாலு வாங்கி ஒன்னுக்குண்டான பலன்தான். ரெண்டு முன் கண்ணாடில ரெண்டு ஓரத்துல, ரெண்டு பின் கண்ணாடில ரெண்டு ஓரத்துல, இதுதான் சரி. இன்னொன்னும் கவனிங்க, 4 ஒயர் வெளிய வந்தா உள்ள 4 டியூனர், அதாவது சிக்னல புடிச்சி சேனலா பிரிக்கிற பாகம், இருக்குன்னு அர்த்தம் இல்ல, சில மலிவு பொட்டில ஒயர் நாலு, டியூனர் ஒன்னுதான் இருக்கும். ஓடிட்டு இருக்கப்ப ஒவ்வொரு ஒயரா கழட்டி பாருங்க, ஒரே ஒரு ஒயர்ல மட்டும் சிக்னல் அடியோட போகுது, மத்த மூணையும் கழட்டுனா ஒன்னும் ஆகலைன்னா புரிஞ்சிக்கலாம்.

ஃபிலிம் ஆன்டெனா ஒட்டுறதுல ஒரு ரகசியம் இருக்கு, அதாவது ரகசியம் இல்ல, பொட்டி கூட வர்ற பேப்பர்லயே போட்ருக்கும், யாரும் படிக்கிறது இல்ல. அந்த ஃபிலிம்ல ரெண்டு முனை இருக்கும், ஒன்னு கண்ணாடில ஓடுற கம்பி, இன்னொன்னு குட்டியா ஒரு செம்பு பட்டை. அந்த பட்டை கண்ணாடி ஓரத்துல இருக்க பில்லர் இரும்புல ஒட்டணும், அது எர்த். பில்லர் மேல இருக்க பிளாஸ்டிக் கவர கழட்டி, இரும்ப துணில தொடச்சி, பட்டைய அழுத்தி ஒட்டி, அப்பறம் கவர மாட்டணும். பிளாஸ்டிக் மேலயே ஒட்டிட்டு போயிடுவாங்க, ஆன்டெனாக்கு பாதி உயிர் போச்சு. ஃபிலிம் ஆன்டெனாவோட ஒயர் முனைல ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும், அதுக்கு பொட்டில இருந்து அதே ஒயர்லயே 5 வோல்ட் போகணும், மெனுல 'ஆன்டெனா பவர்'னு ஒன்னு இருக்கும், அது ஆஃப்ல இருந்தா பூஸ்டர் தூங்கும், அதையும் ஆன் பண்ணுங்க.

கண்ணாடில சன் ஃபிலிம் ஒட்டியிருந்தா அது இன்னா வகைன்னு பாக்கணும். சில ஃபிலிம்ல மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும், உள்ள ஆன்டெனா வெச்சா தகர டப்பாக்குள்ள வெச்ச மாதிரிதான். டிராவலர் மாதிரி வண்டிக்கு நான் சொல்றது, ஃபிலிமே வேணாம், ரூஃப் மேல காந்தம் வெச்ச குச்சி ஆன்டெனா ரெண்டு, முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு. அந்த குச்சி நீளம் ஒரு 13, 14 செ.மீ இருந்தா போதும், கால் அலை நீளம் அதுதான், ஒரு அடி ஒன்றரை அடி நீளம் இருக்கது பாக்க கம்பீரமா இருக்கும், சிக்னல் அதிகம் எடுக்காது. ரூஃப் இரும்பே அதுக்கு எர்த் தட்டு மாதிரி வேலை செய்யும். ஒயர கதவு ரப்பர் வழியா இழுக்கும்போது ரொம்ப நசுங்காம பாத்துக்கங்க, மழைக்காலத்துல அந்த வழியாவே தண்ணி உள்ள எறங்கும், ஒயர உள்ள நுழையுற எடத்துக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டு எடுத்தா தண்ணி அங்கயே சொட்டிடும். நம்ம பக்கம் கடல் காத்து வேற, காசிமேடு எண்ணூர் வண்டிங்கள்ல காந்த ஆன்டெனாவோட அடி ஒரே வருஷத்துல துரு புடிக்குது, மாசம் ஒருக்கா எடுத்து தொடச்சி வைங்க.

இந்த அளவுக்கு சரியா மாட்டுன ஒரு வண்டில நானே கூட போய் பாத்திருக்கேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மூலக்கொத்தளம் எல்லாம் நல்லா நின்னுச்சு, வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதைல எறங்குனதும் படம் உறைஞ்சது, மேல ஏறி ரெண்டு மூணு செகண்டுல திரும்பி வந்துச்சு. செங்குன்றம் வரைக்கும் விட்டு விட்டு, காரனோடை தாண்டுனதும் சுத்தமா போச்சு. அதனால தம்பி, சிறுவாபுரிக்கும் பெரியபாளையத்துக்கும் போற வழில முழுசா பாக்கலாம்னு வண்டில வர்றவங்களுக்கு வாக்கு குடுத்துடாதீங்க.

வேகத்த பத்தி ஒரு வார்த்தை. கொருக்குப்பேட்டை கேட்டுல நின்னு ரயில் ஹார்ன கேட்ருப்பீங்க, கிட்ட வரும்போது கீச்சுன்னு, தாண்டி போனதும் கொரல் எறங்கும். ஓடுற வண்டில ரேடியோ அலைக்கும் அதேதான் நடக்குது, 60 ஸ்பீடுல 550 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு 30 ஹெர்ட்ஸ் நகரும். டி2ல சிக்னல ஆயிரக்கணக்கான சின்ன சின்ன அலையா பிரிச்சி அனுப்புவாங்க, 32கேங்கிற முறைல ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 279 ஹெர்ட்ஸ்தான் எடைவெளி, 8கேல 1116 ஹெர்ட்ஸ். நெருக்கமா அடுக்குனா நெறய சரக்கு ஏத்தலாம், ஆனா ஓடுற வண்டில ஒன்னோட ஒன்னு இடிச்சிக்கும். இது அனுப்புறவங்க கைல இருக்க விஷயம், நம்ம பொட்டில எதுவும் மாத்த முடியாது. நின்னுட்டு இருக்கப்ப அருமையா வந்து 70, 80ல ஒடையுதுன்னா உடனே ஆன்டெனாவ குத்தம் சொல்லாதீங்கன்னு சொல்லத்தான் இவ்ளோ பேசுனேன்.

அடுத்தது, யாருமே சந்தேகப்படாத எதிரி, வண்டிக்குள்ளயே இருக்கு. காலடிப்பேட்டைல இருந்து ஒருத்தர் ஸ்விஃப்ட் கொண்டு வந்தாரு, பொட்டி டி2, ஆன்டெனா நல்லா ஒட்டியிருக்கு, எர்த் இருக்கு, ஆனா மெனுல காட்டுற சிக்னல் அளவு நூத்துக்கு 30ஐ தாண்டல. ஒரு மணி நேரம் ஒயர் ஒயரா பாத்தேன். கடைசில சிகரெட் லைட்டர்ல சொருகியிருந்த டேஷ்கேம் சார்ஜர உருவுனேன், அடுத்த நிமிஷம் 72. மறுபடி சொருகுனா 30. அந்த மலிவு சார்ஜர் உள்ள 12 வோல்ட்ட 5 வோல்ட்டா மாத்த வேகமா ஆன் ஆஃப் ஆகுது, அந்த சத்தம் பூரா ஆன்டெனாக்கு போகுது, டேஷ்கேம் ஒயரும் ஆன்டெனா ஒயரும் ஒரே பில்லர்ல ஒன்னா கட்டி எறக்கியிருந்தாங்க. நல்ல சார்ஜர் மாத்தி, டேஷ்கேம் ஒயர அந்த பக்க பில்லர் வழியா எறக்குனதும் சரியாயிடுச்சு. உள்ள மாட்டுற கலர் எல்இடி பட்டையும் இதே வேலை பாக்கும். சிக்னல் வரலைன்னா மொதல்ல வண்டில நீங்க தனியா மாட்டுன எல்லாத்தையும் ஒவ்வொன்னா உருவிட்டு பாருங்க, காசு செலவே இல்ல.

கரன்ட் விஷயத்துல கார்காரங்களுக்கு பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற ஏசிசி லைன்ல இருந்து எடுங்க, தனியா ஒரு 3 ஆம்ப் ஃபியூஸ் போடுங்க, பேட்டரில இருந்து நேரா எடுத்தா ராத்திரி பூரா பொட்டி பேட்டரிய குடிக்கும். லாரி, டிரெய்லர்காரங்களுக்குத்தான் முக்கியமா சொல்லணும். லாரில 24 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 28 வரைக்கும் போகும். ஸ்டிக்கர்ல வெறும் 12 வோல்ட்னு போட்ட பொட்டிய நேரா குடுத்தா புகைதான், ஹார்பர் வரிசைல நாள் கணக்கா நிக்கிற டிரைவருங்க ரெண்டு பேரு எரிஞ்ச பொட்டிய கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க, அந்த மனுஷங்களுக்கு கேபின்ல ஒரே பொழுதுபோக்கு அதுதான், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. 9ல இருந்து 32 வோல்ட்னு போட்ட பொட்டின்னா நேரா குடுக்கலாம், இல்லைன்னா 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் போடுங்க. சில பேரு குறுக்கு வழியா ரெண்டு பேட்டரில ஒன்னுல இருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துடுவாங்க, தயவுசெஞ்சு அது வேணாம், ஒரு பேட்டரி கொறஞ்சும் இன்னொன்னு அதிகமா சார்ஜ் ஆகியும் ரெண்டுமே சீக்கிரம் போயிடும், பொட்டி வெலைய விட பேட்டரி வெலை பல மடங்கு.

ஸ்கிரீனுக்கு குடுக்குறது ஈஸி, எச்டிஎம்ஐ இருந்தா அதுல குடுங்க, இல்லைன்னா மஞ்ச, வெள்ள, செவப்பு ஏவி ஒயர். படம் கருப்பு வெள்ளையா வந்தாலோ மேல கீழ உருண்டாலோ ரிப்பேர்னு நெனச்சிடாதீங்க, பொட்டி மெனுல பட முறை என்டிஎஸ்சில இருக்கும், நம்ம ஊரு முறையான பிஏஎல்லுக்கு மாத்துங்க. ஆண்ட்ராய்டு செட்டுக்கு யூஎஸ்பில சொருகுற டி2 டியூனரும் கெடைக்குது, ஆனா அதோட ஆப் உங்க செட்ல ஓடுதான்னு கடைலயே போட்டு பாத்துட்டு வாங்குங்க.

இப்ப சொல்லப்போறத மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். செட்டுல ஹேண்ட் பிரேக் ஒயர்னு ஒரு மெல்லிசு ஒயர் இருக்கும், ஹேண்ட் பிரேக் போட்டாதான் முன் ஸ்கிரீன்ல படம் ஓடணும்னு வெச்சது. பல எடத்துல அந்த ஒயர நேரா எர்த்ல கட்டி விட்டுடுறாங்க, வண்டி ஓடும்போதும் படம் ஓடும். நான் செய்ய மாட்டேன், கஸ்டமர் கோச்சிட்டு போனாலும் பரவால்ல. ரெண்டு செகண்ட் ஸ்கிரீன பாத்தீங்கன்னா 50 ஸ்பீடுல வண்டி 28 மீட்டர் போயிருக்கும், மணலி ரோட்டுல 28 மீட்டர்ல ஒரு டிரெய்லரும் ரெண்டு சைக்கிளும் இருக்கும். ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துற வண்டி தம்பி உங்களுது. ஸ்கிரீன டிரைவர் சீட்டுக்கு பின்னாடி, ஆளுங்கள பாத்த மாதிரி மாட்டுங்க, உங்க கண்ணுக்கு கண்ணாடிலயும் தெரியக்கூடாது.

சரி, உங்க வண்டிக்கு என்ன பண்ணலாம். ஓடும்போது சீரியல், ஐபிஎல்னு கேட்டா போன்தான் வழி, ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்கிரீனுக்கு குடுங்க, சாதா தரத்துல வெச்சா ஒரு மணி நேரத்துக்கு முக்கால் ஜிபிக்குள்ள முடியும், எச்டின்னா ரெண்டு மடங்குக்கு மேல போகும். டிடி தமிழ் மட்டும்னா தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதியோட வேவ்ஸ் ஆப் இருக்கு, 2024 நவம்பர்ல விட்டது, அதுல டிடி சேனல் லைவ்வா வருது. மேல்மலையனூர்ல ராத்திரி பூரா வண்டி நிக்கும்ல, அங்க ஒரு நல்ல வழி இருக்கு, ஃப்ரீ டிஷ். ஓடும்போது எடுக்காது, 60 செ.மீ டிஷ் ஒன்னு ஒன்றரை டிகிரி வெலகுனாலே சிக்னல் பாதியா கொறயும், அத ஓடுற வண்டில புடிச்சி வைக்க முடியாது. நின்னப்பறம் தரைல ஸ்டாண்டு போட்டு தென்கிழக்க பாத்து, நல்லா நிமித்தி, நம்ம ஊர்ல இருந்து பாத்தா ஒரு 68 டிகிரி மேல, 93.5 டிகிரி கிழக்குல ஜிசாட்-15 சாட்டிலைட் நிக்குது. கிட்டத்தட்ட தலைக்கு மேல பாக்குறதால சுத்தி பில்டிங் இருந்தாலும் தொந்தரவு கம்மி, மரத்துக்கு அடில மட்டும் நிறுத்தாதீங்க. 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற ஃப்ரீ டிஷ் பொட்டியா பாத்து வாங்குனா இன்வெர்ட்டரே வேணாம், மாச சந்தாவும் கெடையாது.

டி2 பொட்டியே வேணும்னா வாங்குங்க, ஆனா பெரிய வெலை குடுக்காதீங்க. காரணம் இருக்கு. நெட்டே இல்லாம போன்லயே நேரா டிவி வர்ற டி2எம்னு ஒன்ன ஐஐடி கான்பூர் ஆளுங்களோட சேந்து சோதன பண்ணிட்டு இருக்காங்க, 2024 ஜனவரில 19 ஊர்ல சோதிக்கப்போறோம்னும் 470ல இருந்து 582 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இதுக்காக ஒதுக்கப்போறோம்னும் அரசாங்க தரப்புல சொன்னாங்க. அது ஏடிஎஸ்சி 3.0 முறை, இப்ப இருக்க டி2 பொட்டில வராது. அது நல்லபடியா வரணும்னுதான் நானும் ஆசப்படுறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரன்ட் இல்ல, போன் டவர் மொத்தமா படுத்துடுச்சு, எங்க தெருவுக்கே ஒரு வண்டில இருந்த ரேடியோ மட்டும்தான் பேசிட்டு இருந்துச்சு, ஜனங்க மாடில இருந்து 'சத்தத்த ஏத்து'ன்னு கத்துனாங்க. காத்துல வர்ற ஒளிபரப்பு எத்தன பேரு பாத்தாலும் திணறாது, அந்த குணம் நெட்டுக்கு கெடையாது.

வாங்குறதுக்கு முன்னாடி காசில்லாம ஒரு சோதன பண்ணிக்கங்க. உங்க வீட்டு டிவில டியூனர் செட்டிங்ல டிவிபி-டி2 இருந்தா, பழைய கேபிள் ஒயர் ஒன்ன எடுத்து முனைல மேல் தோலையும் அந்த வலையையும் சீவி உள் கம்பிய மட்டும் 14 செ.மீ நீட்டி விடுங்க, மறுமுனைய ஆன்டெனா ஓட்டைல சொருகி, கம்பிய சேப்பாக்கம் பக்கம் இருக்க ஜன்னல் வெளிய தொங்க விட்டு 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஆட்டோ ஸ்கேன் போடுங்க. மாடி வீட்டுல டிடி தமிழ் தெளிவா விழுந்துச்சுன்னா வண்டிக்கு யோசிக்கலாம், அங்கயே விழலைன்னா வண்டில சத்தியமா விழாது. அது வரைக்கும் அந்த ஐஎஸ்டிபி பொட்டியோட ஸ்டிக்கர கிழிக்காம, நாலு ஆன்டெனாவையும் கவர்ல போட்டு, ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள அனுப்பிடுங்க தம்பி, காரணம்ங்கிற எடத்துல 'இந்தியால இந்த முறை ஒளிபரப்பு இல்ல'ன்னு தெளிவா எழுதுங்க.